"அப்ப யாரும் தப்பா நினைக்கல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி லைப்ரரி டேட்டாபேஸ்ல ஒரு தடவை தேடிப் பாருங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாலிவுட் படங்கள்லயும் டிவி தொடர்கள்லயும் கறுப்பின மக்களையும் ஆசிய மக்களையும் எப்படி காட்டினாங்கன்னு உங்க சினிமா பக்கத்துல வந்த கட்டுரையையும், அதுக்கு வந்த வாசகர் கடிதங்களையும் படிச்சேன். கட்டுரையில எனக்குப் பெருசா மாற்றுக்கருத்து இல்ல. ஆனா கடிதங்கள்ல திரும்பத் திரும்ப ஒரே பேச்சு, "அந்தக் காலத்துல இதையெல்லாம் யாரும் தப்பா நினைக்கல, இப்ப இருக்கறவங்கதான் பழசைத் தோண்டி எடுத்து கோவப்படுறாங்க"ன்னு. இப்படிச் சொல்றவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல, நெஜமாவே அப்படித்தான் இருந்திருக்கும்னு நம்பிச் சொல்றாங்க. ஆனா இது அவங்கவங்க அபிப்பிராயம்னு விட்டுட்டுப் போற விஷயம் கிடையாது சார், சரிபார்க்க முடியும். யாராவது தப்பா நினைச்சாங்களா, நினைச்சிருந்தா எங்க எழுதினாங்க, யாருகிட்ட மனு கொடுத்தாங்க, அதுக்கு கம்பெனிக்காரங்க என்ன பதில் சொன்னாங்க, இதெல்லாம் பதிவாகிக் கிடக்கு, தேடினா கிடைக்கும். நான் ஒரு நூலகத்துல, தகவல் தேடி வர்றவங்களுக்கு உதவற ரெஃபரன்ஸ் டெஸ்க்ல வேலை பாக்குறேன், சினிமா, மீடியா படிக்கிற பசங்களுக்கு டேட்டாபேஸ்ல எப்படி தேடறதுன்னு சொல்லிக்கொடுக்கறதுதான் எனக்கு அன்றாடம், அதனாலதான் இதைக் கொஞ்சம் நீளமாவே எழுதறேன், இடம் இருந்தா போடுங்க.

1915-ல வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தையே எடுத்துக்குவோம். டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்தது. கு க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பலை ஹீரோவா காட்டின படம். அப்ப அமெரிக்க ஜனாதிபதியா இருந்த உட்ரோ வில்சன் அதை வெள்ளை மாளிகைலயே போட்டுப் பாத்தாரு, ஒழிஞ்சே போயிருந்த க்ளான் அமைப்பை அதே வருஷக் கடைசில மறுபடியும் ஆரம்பிச்சாங்க. இந்தப் படத்தோட பேரை முதல்ல லான்டர்ன்ங்கிற தளத்துல போட்டுத் தேடுங்க. அது மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரியோட தேடுபொறி, விஸ்கான்சின் மேடிசன் யுனிவர்சிட்டில இருந்து நடத்துறாங்க, காசு கிடையாது, லாகின் கிடையாது, பழைய சினிமா வியாபாரப் பத்திரிகை, ரசிகர் பத்திரிகைன்னு லட்சக்கணக்கான பக்கம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க. அதுல மூவிங் பிக்சர் வேர்ல்ட் மாதிரி பத்திரிகையைப் புரட்டினா பெரும்பாலும் எந்த ஊர்ல எத்தனை வாரம் ஓடுது, டிக்கெட் என்ன விலை, எவ்வளவு பிரமாண்டமா எடுத்திருக்காங்க, இதுதான் பேச்சு. எதிர்ப்பு வந்த சேதிகூட வியாபாரத்துக்கு வந்த இடைஞ்சல் மாதிரிதான் கண்ணுல படும். அந்தப் பத்திரிகைங்க தியேட்டர்காரங்களுக்காக நடத்தினது, அப்படித்தான் இருக்கும். இதை மட்டும் படிச்சுட்டு எழுந்திரிச்சீங்கன்னா நீங்களும் "யாரும் தப்பா நினைக்கல"ன்னுதான் சொல்வீங்க.

இப்ப அதே படத்தை, அதே 1915-ஐ, கறுப்பின மக்கள் நடத்தின பத்திரிகைங்க இருக்கற டேட்டாபேஸ்ல தேடுங்க. புரோக்வெஸ்ட் ஹிஸ்டாரிகல் நியூஸ்பேப்பர்ஸ்ல சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர், நியூயார்க் ஆம்ஸ்டர்டாம் நியூஸ், பால்டிமோர் ஆஃப்ரோ அமெரிக்கன்னு வரிசையா இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து வந்த கலிஃபோர்னியா ஈகிள் பத்திரிகை இன்டர்நெட் ஆர்கைவ்ல இலவசமாவே கிடைக்குது, அதை நடத்தின சார்லட்டா பாஸ்ங்கிற அம்மா இந்தப் படத்தை நிறுத்தணும்னு முன்னாடி நின்னு போராடினவங்க. பாஸ்டன்ல வில்லியம் மன்ரோ ட்ராட்டர் தலைமைல ஜனங்க தெருவுல இறங்கினாங்க, கறுப்பின மக்களோட உரிமைக்காக 1909-ல ஆரம்பிச்ச என்ஏஏசிபி அமைப்பு ஒவ்வொரு ஊரா தடை கேட்டுப் போச்சு. இதெல்லாம் இன்னிக்கு யாரோ உக்காந்து கிளப்பின கோவம் கிடையாது, படம் ரிலீஸ் ஆன அதே வருஷத்துல அச்சுல ஏறினது. அப்ப "யாரும்"னு நாம சொல்றப்ப அந்த "யாரும்"ல யாரைச் சேர்த்துக்கறோம், யாரை விட்டுடறோம்னு யோசிக்கணும். எந்தப் பெட்டியைத் திறக்கிறோமோ அந்தப் பெட்டில இருக்கற குரல்தான் நமக்குக் கேக்கும். நான் இந்தக் கடிதத்துல சொல்ல வர்ற விஷயமே இதுதான்.

இங்க ஒரு சின்ன விஷயம், ஆனா முக்கியமானது. காலேஜ் பசங்க டேட்டாபேஸைத் திறந்த உடனே பண்ற முதல் வேலை 'பியர் ரிவ்யூட்' (துறை ஆளுங்க படிச்சு சரிபார்த்தது)ங்கற கட்டத்துல டிக் அடிக்கறது, அசைன்மென்ட்ல அப்படித்தான் கேட்டிருப்பாங்க. அந்த டிக் விழுந்த உடனே ஆய்வுக் கட்டுரைங்க மட்டும்தான் நிக்கும், பழைய பத்திரிகைச் செய்தி, விமர்சனம், தலையங்கம், வாசகர் கடிதம் எல்லாம் லிஸ்ட்ல இருந்து காணாமப் போயிடும். ஆராய்ச்சியாளர் அம்பது வருஷம் கழிச்சு என்ன சொன்னார்ங்கறது வேணும்தான், வேணாங்கல. ஆனா படம் வந்த வாரம் அந்த மக்களே என்ன எழுதினாங்கன்னு பாக்காம அவங்களைப் பத்தி எழுதறது எனக்கு மனசுக்கு ஒப்பல. அதனால ரெண்டு சுத்து தேடணும், டிக் போட்டு ஒரு சுத்து, டிக்கை எடுத்துட்டு ஒரு சுத்து.

அடுத்தது வார்த்தை. 'ரேஷியல் ரெப்ரசன்டேஷன் இன் ஃபிலிம்'னு கூகுள்ல அடிக்கற மாதிரியே டேட்டாபேஸ்லயும் முழு வாக்கியமா அடிச்சுட்டு ஒண்ணுமே வரல, இல்லன்னா இருபதாயிரம் வந்துடுச்சுன்னு எங்க டெஸ்க்குக்கு வர்ற பசங்க நிறைய. நூலகத்துக்காரங்க புத்தகத்துக்கும் கட்டுரைக்கும் போட்டு வச்சிருக்கற சப்ஜெக்ட் ஹெட்டிங், அதாவது எதைப் பத்தினதுன்னு சொல்ற தலைப்பு, வேற மாதிரி இருக்கும். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தோட முறைல சினிமான்னா 'ஆஃப்ரிகன் அமெரிகன்ஸ் இன் மோஷன் பிக்சர்ஸ்', டிவின்னா 'ஆஃப்ரிகன் அமெரிகன்ஸ் ஆன் டெலிவிஷன்'. சினிமாவுக்கு ஒண்ணு, டிவிக்கு ஒண்ணு, ரெண்டையும் தனித்தனியா தேடணும், ஒண்ணை மட்டும் தேடினா மத்ததுல பாதி கைவிட்டுப் போயிடும். இதுல இன்னொரு சிக்கல், அந்த ஹெட்டிங்கே காலத்துக்குக் காலம் மாறியிருக்கு. 1970-கள் நடுவுல வரைக்கும் 'நீக்ரோஸ்'னு இருந்தது, 1976-ல 'ஆஃப்ரோ அமெரிகன்ஸ்' ஆச்சு, 2000-ல 'ஆஃப்ரிகன் அமெரிகன்ஸ்' ஆச்சு. சான்ஃபோர்ட் பெர்மன்னு ஒரு நூலகர் 1971-லயே இந்தத் தலைப்புங்கள்ல எத்தனை இடத்துல இனப் பாகுபாடு ஒளிஞ்சிருக்குன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி ஒரு புத்தகமே போட்டாரு, என் தொழில்ல நான் ரொம்ப மதிக்கிற மனுஷன் அவரு. படத்துல மட்டும் இல்ல, படத்தைத் தேடற கருவிலயும் அந்தப் பார்வை ஒட்டிக்கிட்டு இருக்குங்கறதை அவர்தான் எங்க ஆளுங்களுக்கே புரிய வச்சாரு.

நம்ம ஆளுங்க தேடறப்ப கண்டிப்பா மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. இந்தியாக்காரங்களை ஹாலிவுட்ல எப்படி காட்டினாங்கன்னு பாக்கலாம்னு 'இந்தியன்ஸ் இன் மோஷன் பிக்சர்ஸ்'னு அடிப்பாங்க, வரதெல்லாம் கவ்பாய் படத்துல வர்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களைப் பத்தினதா இருக்கும், அந்தத் தலைப்பு ரொம்ப காலமா அவங்களுக்குத்தான். நமக்கு வேண்டியது 'ஈஸ்ட் இந்தியன்ஸ்'ங்கற தலைப்புக்குக் கீழ இருக்கும், அதோட 'சவுத் ஏசியன்ஸ்', 'சவுத் ஏசியன் அமெரிகன்ஸ்'னும் போட்டுப் பாக்கணும், நடுவுல ஆர் (OR, 'அல்லது')னு ஒரு இங்கிலீஷ் வார்த்தையைச் சேர்த்தா மூணையும் ஒரே தேடல்ல கொண்டு வந்துடலாம். பழைய பத்திரிகை ஸ்கேன்ல இந்த ஹெட்டிங் எதுவும் வேலைக்கு ஆகாது, அங்க மெஷின் படிச்ச எழுத்தைத்தான் தேடறோம், அதனால அன்னிக்கு அவங்க எழுதின வார்த்தையையே போடணும், படத்துக்கு 'ஃபோட்டோப்ளே', கறுப்பின மக்களுக்கு 'கலர்ட்', அவங்களே எடுத்த படத்துக்கு 'ரேஸ் பிக்சர்'. இன்னிக்கு வாயால சொல்லத் தயங்கற வார்த்தைங்களும் அதுல வரும், அந்த வார்த்தையைத் தேடற கட்டத்துல டைப் பண்றது கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா அதை அடிக்காம அந்தக் காலத்துப் பக்கம் திறக்காது. மெஷின் தப்பா படிச்ச எழுத்து வேற நிறைய இருக்கும், மங்கின பக்கத்துல நடிகர் பேரே உருமாறிக் கிடக்கும், அதனால பேர் கிடைக்கலன்னா படத்தோட பேர், தியேட்டர் பேர், ஊர் பேர்னு சுத்தி வளைச்சுப் போகணும்.

இப்ப ஒரு உதாரணத்தைக் கிட்டப் போயே பாப்போம். சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங் கதை நிறைய பேருக்குத் தெரியும், 1937-ல வந்த 'தி குட் எர்த்' படம் முழுக்க சீனக் குடும்பக் கதை, அதுல ஓலான்ங்கற விவசாயிப் பொண்ணு வேஷம் அவங்களுக்குக் கிடைக்கல, ஜெர்மனில பொறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போச்சு, ஆஸ்கரும் அவங்களுக்கே கிடைச்சுது, ஹீரோவா பால் முனி மேக்கப் போட்டு சீனராட்டம் நடிச்சாரு. ஏன்னு கேட்டா ஷேர் பண்ற பதிவு எல்லாத்துலயும் ஒரே பதில், ஹேஸ் கோடுங்கற தணிக்கை விதி வெள்ளைக்காரரும் ஆசியரும் ஜோடியா நடிக்கறதைத் தடை பண்ணியிருந்துச்சுன்னு. அந்த விதி 1930-ல எழுதினது, 1934-ல இருந்து கறாரா அமல்படுத்தினாங்க, அதோட முழு வாசகமும் கிடைக்குது, எடுத்துப் படிங்க. அதுல இனக்கலப்பு பத்தின வரில வெள்ளை இனத்துக்கும் கறுப்பு இனத்துக்கும் நடுவுல உறவு காட்டக்கூடாதுன்னுதான் இருக்கு, ஆசியர்னு ஒரு வார்த்தை கிடையாது. அப்ப ஆசிய நடிகருக்கு அந்தக் கதவை மூடினது எழுத்துல இருந்த விதி மட்டும்தானா, விதியை அதுக்கும் மேல நீட்டிப் புரிஞ்சுக்கிட்ட ஸ்டுடியோக்காரங்களா, வெள்ளைக்கார ஸ்டார் இருந்தாத்தான் படம் ஓடும்ங்கற வியாபாரக் கணக்கா? இந்தக் கேள்வி ஷேர் பண்ற பதிவுல வரவே வராது, மூல ஆவணத்தைப் பாத்தாத்தான் வரும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல பெவர்லி ஹில்ஸ்ல இருக்கற மார்கரெட் ஹெரிக் நூலகத்துல அந்தத் தணிக்கை அலுவலகத்தோட ஃபைலுங்க படம் படமா இருக்கு, ஸ்டுடியோக்கும் தணிக்கைக்காரங்களுக்கும் போன கடிதமெல்லாம் அதுல இருக்கு, ஒரு பகுதியை ஆன்லைன்லயும் போட்டிருக்காங்க. அநியாயம் நடந்துச்சுங்கறதுல எனக்குத் துளி சந்தேகம் இல்ல. யார் பண்ணினது, எப்படிப் பண்ணினதுன்னு சரியா சொன்னாத்தான் அந்த நடிகைக்கு நாம நியாயம் பண்றோம்னு நினைக்கிறேன்.

மெர்ல் ஓபரான் கதை இன்னும் மனசைப் பிசையும். 1911-ல பம்பாய்ல பொறந்தவங்க, அம்மா வழில இலங்கை வேர் உண்டு. 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கருக்கு நாமினேட் ஆனவங்க. ஆனா வாழ்நாள் பூரா ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியா தீவுல பொறந்தேன்னு சொல்லிக்கிட்டு வெள்ளைக்காரப் பொண்ணாவே வாழ்ந்தாங்க, நெஜத்தைச் சொல்லியிருந்தா அன்னிக்கு ஹாலிவுட்ல அவங்களுக்கு ஹீரோயின் இடம் கிடைச்சிருக்காது. லான்டர்ன்ல அவங்க பேரையும் டாஸ்மேனியாவையும் சேர்த்துப் போட்டுத் தேடுங்க, அந்தக் கதையை ரசிகர் பத்திரிகைங்க எப்படி அடிச்சுப் பரப்பினாங்கன்னு பக்கத்தோட பாக்கலாம். 2023-ல மிஷெல் யோ சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்கினப்ப அந்த விருதை வாங்கின முதல் ஆசியப் பெண்னு எல்லாரும் எழுதினாங்க, வாங்கினதுல அவங்கதான் முதல், அது சரி, ஆனா அதுக்கு முன்னாடி நாமினேஷன் வந்த நேரத்துல முதல் ஆசிய நாமினின்னு எழுதலாமா கூடாதான்னு குழப்பம் வந்துச்சு, 'தன்னை ஆசியர்னு வெளிப்படையா சொல்லிக்கிட்டவங்கள்ல முதல்'னு சில பேர் நீட்டி எழுதினது மெர்ல் ஓபரானாலதான். ஒரு பொண்ணு தன் அம்மாவோட ஊரையே மறைச்சு வாழ வேண்டியிருந்துச்சுங்கறது எந்தக் கணக்கெடுப்பு டேபிள்லயும் ஒரு கட்டத்துல வந்து உக்காராது.

கறுப்பினப் பத்திரிகைங்கன்னு சொன்னேன், அவங்க எல்லாரும் ஒரே குரல்ல பேசினாங்கன்னும் நினைச்சுடக்கூடாது. 'ஏமாஸ் அண்ட் ஆண்டி'ன்னு ஒரு ரேடியோ நாடகம், 1928-ல ஆரம்பிச்சது, கறுப்பின கதாபாத்திரங்களுக்கு ரெண்டு வெள்ளைக்காரங்க குரல் கொடுத்து கேலியா நடத்தினது, அமெரிக்காவே அந்த நேரத்துக்கு ரேடியோ முன்னாடி உக்காரும். 1931-ல பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகை இதை நிறுத்தணும்னு பத்து லட்சம் கையெழுத்து வாங்கற இயக்கம் ஆரம்பிச்சுச்சு. அதே 1931-ல சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகை குழந்தைகளுக்காக நடத்தின விழாவுக்கு அந்த ரெண்டு பேரையும் விருந்தாளியா கூப்பிட்டுச்சு. ரெண்டுமே கறுப்பின மக்களோட பத்திரிகை, ரெண்டுக்கும் அவங்கவங்க காரணம் இருந்திருக்கு. 1951-ல இதே நாடகம் சிபிஎஸ் டிவில கறுப்பின நடிகர்களை வச்சே வந்துச்சு, என்ஏஏசிபி எதிர்த்துச்சு, நடிகர்கள் பக்கம் பாத்தா அன்னிக்கு டிவில கறுப்பினத்தவருக்கு வேற வேலை கிடைக்கறதே அபூர்வமா இருந்த காலம். 1953-ல நின்னுச்சு, மறுஒளிபரப்பு 1966 வரைக்கும் போச்சு. இந்தச் சச்சரவு முழுசையும் தேதி வாரியா ரெண்டு பத்திரிகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கறப்பதான், 'பாதிக்கப்பட்டவங்க எல்லாரும் இப்படித்தான் நினைச்சாங்க'ன்னு அடிச்சுவிடறதும் தப்புன்னு புரியும்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தப் பழைய பத்திரிகை டேட்டாபேஸ் ரொம்ப முக்கியம், படமே இப்ப இல்ல. காங்கிரஸ் நூலகம் 2013-ல வெளியிட்ட ஆய்வுல அமெரிக்காவுல எடுத்த கிட்டத்தட்ட 11,000 முழுநீள மௌனப் படங்கள்ல மூல வடிவத்துல தப்பிச்சது 14 சதவீதம்தான்னு சொல்லியிருக்காங்க. கறுப்பினத்தவர் தங்க மக்களுக்காகத் தாங்களே எடுத்த படங்கள் நெலைமை இன்னும் மோசம். ஆஸ்கர் மிஷோங்கற கறுப்பின டைரக்டர் 1920-ல எடுத்த 'விதின் அவர் கேட்ஸ்' ஸ்பெயின்ல ஒரு பிரதி கிடைச்சதாலதான் இன்னிக்கு நம்ம கண்ணுல படுது. 1916-ல நோபிள் ஜான்சன், ஜார்ஜ் ஜான்சன்னு அண்ணன் தம்பி சேர்ந்து லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனின்னு ஒண்ணு நடத்தினாங்க, அவங்க படங்கள்ல ஒரு படத்தோட சில நிமிஷத் துண்டுதான் மிச்சம். ஆனா ஜார்ஜ் ஜான்சன் ஒமாஹா ஊர்ல போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டே கறுப்பின சினிமா பத்தி வந்த செய்தி, விளம்பரம், கடிதம் எல்லாத்தையும் விடாம வெட்டி எடுத்துச் சேத்து வச்சாரு, இன்னிக்கு அது லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற யுசிஎல்ஏ யுனிவர்சிட்டி நூலகத்துல ஒரு பெரிய தொகுப்பா இருக்கு. அந்த மனுஷன் சேத்து வைக்கலன்னா அப்படி ஒரு சினிமா இருந்துச்சுன்னே நமக்குப் பாதி தெரிஞ்சிருக்காது. இதே யுசிஎல்ஏ-ல மௌனக் காலத்து 'ரேஸ் ஃபிலிம்' எல்லாத்தையும், நடிச்சவங்க பேரோட ஒரு டேட்டாபேஸா போட்டு இலவசமா விட்டிருக்காங்க. அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டோட ஏஎஃப்ஐ கேட்டலாகும் இலவசம்தான், படத்தோட கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், தயாரிப்பு பத்தின குறிப்பு எல்லாம் இருக்கும்.

டிவிக்கு வந்தா வேலை இன்னும் கஷ்டம். பழைய நிகழ்ச்சிங்க நிறைய லைவ்வா போச்சு, டேப்பை அழிச்சு மேல வேற பதிவு பண்ணிட்டாங்க. அதனால நிகழ்ச்சி அட்டவணைதான் பல நேரம் கைல இருக்கற ஒரே சாட்சி. பிபிசி ஜீனோம்னு ஒரு தளம், ரேடியோ டைம்ஸ் பத்திரிகைல 1923-ல இருந்து வந்த நிகழ்ச்சிப் பட்டியல் அப்படியே தேடற மாதிரி இருக்கு. அதுல 'தி பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ'ன்னு போடுங்க. வெள்ளைக்காரங்க முகத்துல கறுப்பு மை பூசிக்கிட்டு ஆடிப் பாடற நிகழ்ச்சி, 1958-ல இருந்து 1978 வரைக்கும், எந்தெந்த ராத்திரி வந்துச்சுன்னு ஒவ்வொரு தேதியா விழும். 1967-ல இனப் பாகுபாட்டுக்கு எதிரான இயக்கம் ஒண்ணு இதை நிறுத்தச் சொல்லி பிபிசிகிட்ட மனு கொடுத்துச்சு. நிறுத்தல. அதுக்கப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல ஓடுச்சு. அந்த 1967-க்கு அப்புறம் வர்ற ஒவ்வொரு வரியையும் பாக்கறப்ப எனக்கு நெஞ்சு அடைக்கும், ஏன்னா ஒருத்தரும் சொல்லலன்னு இனி யாரும் சொல்ல முடியாது, சொல்லியும் கேக்கலன்னுதான் அந்த அட்டவணை காட்டுது.

சமீப காலத்துக்கு வந்தா எண்ணிக்கை ஆய்வுங்க நிறைய இருக்கு. யுசிஎல்ஏ 2014-ல இருந்து ஹாலிவுட் டைவர்சிட்டி ரிப்போர்ட் போடறாங்க, யுஎஸ்சி யுனிவர்சிட்டியோட அன்னன்பர்க்ல ஸ்டேசி ஸ்மித் குழு 2007-ல இருந்து வந்த பெரிய வசூல் படங்களை எடுத்து வச்சு யார் யாருக்கு எத்தனை வேஷம்னு எண்ணிப் பாக்கறாங்க, ரெண்டுமே இலவசமா படிக்கலாம். ஆனா எண்ணிக்கைல சதவீதம் ஏறினா மட்டும் போதுமான்னு பாக்கணும். 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர்ல அபூங்கற இந்தியக் கடைக்காரர் 1990-ல இருந்து இருந்தாரு, எண்ணிக்கைன்னு பாத்தா டிவில ஒரு இந்தியர் இருந்தாருன்னு கணக்குல சேர்ந்துடும், ஆனா குரல் கொடுத்தது ஹேங்க் அசாரியாங்கற வெள்ளைக்காரர். ஸ்கூல்ல அந்தக் குரலை வச்சே நம்ம வீட்டுப் பசங்களைக் கிண்டல் பண்ணினாங்கன்னு அமெரிக்காவுல வளர்ந்த எத்தனையோ பேர் சொல்லியாச்சு, ஹரி கொண்டபோலு 2017-ல அதை வச்சே ஒரு ஆவணப்படம் எடுத்தாரு, 2020-ல அசாரியா அந்தக் குரலை விட்டுட்டாரு. அதே 2020-லதான் கனடாத் தமிழ்ப் பொண்ணு மைத்ரேயி ராமகிருஷ்ணன் நெட்ஃபிளிக்ஸ் தொடர்ல கதாநாயகியா வந்தாங்க. இந்த ரெண்டும் ஒரே வருஷத்துல நடந்ததை வச்சே யாராவது ஒரு மாணவர் நல்ல ஆய்வு பண்ணலாம், ஃபிலிம் அண்ட் டெலிவிஷன் லிட்டரேச்சர் இண்டெக்ஸ், ஜேஸ்டோர்ங்கற ஆய்வுக் கட்டுரை டேட்டாபேஸுங்க ரெண்டுலயும் அதுக்கு வேண்டிய கட்டுரை கிடைக்கும்.

இப்ப புதுசா ஒரு தொல்லை. ஏஐ சாட்பாட்கிட்ட கேட்டு ஆய்வுக் கட்டுரைப் பட்டியல் வாங்கிட்டு பசங்க வர்றாங்க, ஆசிரியர் பேர், பத்திரிகைப் பேர், பக்க எண் எல்லாம் பக்காவா இருக்கு, தேடினா அப்படி ஒரு கட்டுரை உலகத்துலயே இல்ல. அதனால கைல கிடைச்ச எந்தப் பட்டியலையும் முதல்ல டேட்டாபேஸ்ல போட்டு உண்டா இல்லையான்னு பாருங்க. நெஜமான ஒரு கட்டுரை கிடைச்சுட்டா அதோட கடைசில இருக்கற மேற்கோள் பட்டியலைப் பிடிச்சு பின்னாடி போகலாம், அந்தக் கட்டுரையை அப்புறம் யார் மேற்கோள் காட்டினாங்கன்னு முன்னாடியும் போகலாம், பல நேரம் தேடற கட்டத்தைவிட இந்த வழிதான் சீக்கிரம் கொண்டு போய் விடும்.

காசு விஷயத்தையும் சொல்லிடறேன், இதைச் சொல்லாம விட்டா ஏமாத்தற மாதிரி ஆயிடும். புரோக்வெஸ்ட், எப்ஸ்கோ மாதிரி பெரிய டேட்டாபேஸுங்களுக்கு சந்தா கட்டற நூலகத்துல உறுப்பினரா இருந்தாத்தான் உள்ள போக முடியும், கறுப்பின மக்கள் தங்க கைக்காசைப் போட்டு நடத்தின பத்திரிகைங்க இன்னிக்கு பெரும்பாலும் அந்தப் பூட்டுக்குள்ளதான் இருக்கு, ஸ்டுடியோக்களைப் புகழ்ந்து எழுதின வியாபாரப் பத்திரிகைங்க வெளியில இலவசமா கிடக்கு. காப்புரிமை, ஸ்கேன் பண்றவங்க செலவுன்னு அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனா விளைவு என்னன்னா காசில்லாம தேடற ஆளுக்கு ஒரு பக்கக் குரல்தான் முதல்ல கேக்குது, "யாரும் தப்பா நினைக்கல"ங்கற எண்ணம் வளர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்னே நான் சொல்வேன். ஆனாலும் வழி இருக்கு. பொது நூலக கார்டை வச்சே வீட்டுல இருந்து பல டேட்டாபேஸ் திறக்கலாம், நூலகத்துல கேட்டா சொல்வாங்க. ஜேஸ்டோர்ல சும்மா ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சாலே மாசம் 100 கட்டுரை வரைக்கும் ஆன்லைன்ல படிக்கலாம். காங்கிரஸ் நூலகத்தோட கிரானிகிளிங் அமெரிகா தளத்துல பழைய செய்தித்தாள், கறுப்பினப் பத்திரிகைங்க சிலதும் சேர்த்து, இலவசம். எதுவும் கிடைக்கலன்னா இன்டர்லைப்ரரி லோன்ல கட்டுரையை வேற நூலகத்துல இருந்து வரவழைச்சுத் தரச் சொல்லுங்க. ரெஃபரன்ஸ் டெஸ்க்ல வந்து கேக்கறதுக்குத் தயங்கவே வேணாம், நாங்க உக்காந்திருக்கறதே அதுக்குத்தான்.

ஆசிரியர் அவர்களுக்கு ரெண்டு கோரிக்கை. ஒண்ணு, இனிமே இந்த மாதிரி கட்டுரை போடறப்ப அந்தக் காலத்துல இப்படி எழுதினாங்க, அப்படிப் பேசினாங்கன்னு வர்ற இடத்துல எந்தப் பத்திரிகை, எந்தத் தேதின்னு அடைப்புக்குறிக்குள்ளயாவது போடுங்க, படிக்கறவங்க தாங்களே போய்த் தேடிப் பாக்க முடியும். ரெண்டாவது, நான் மேல சொன்ன பத்திரிகைத் தொகுப்புங்கள்ல தமிழ்ல எழுதின விமர்சனம் எதுவும் என் கண்ணுல பட்டதில்ல. இந்த ஹாலிவுட் படங்க வந்தப்ப தமிழ்ல எழுதினவங்க அதைப் பாத்து என்ன எழுதினாங்க, கறுப்பு மை பூசின முகத்தைப் பாத்து சிரிச்சாங்களா, சங்கடப்பட்டாங்களா, அதெல்லாம் உங்களை மாதிரி பத்திரிகை ஆபீஸ்களோட பழைய பைண்டு வால்யூம்லதான் தூங்குது. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ண செலவாகும்னு தெரியும். வெளிநாட்டுப் பட விமர்சனம் வந்த தேதி, படத்தோட பேர், எழுதினவர் பேர், இந்த மூணை மட்டும் ஒரு எக்செல் ஷீட்டுல ஏத்தி ஆய்வு பண்றவங்களுக்குத் திறந்து விட்டாலே போதும், மிச்சத்தை அவங்க வந்து பாத்துக்குவாங்க. அந்தப் பட்டியல் போடற வேலைக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, நானும் எங்க நூலகத்துல ஆர்வமா இருக்கற பசங்களும் வந்து உக்காந்து ஏத்தித் தர்றோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், ஒரு நூலகர்